சாலையில் பிழைப்பவன் முகத்தைக் காப்பது எப்படி

மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருபத்திரண்டு ஆண்டுகளாக வடசென்னையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். வீடு திருவொற்றியூரில். எண்ணூர், மணலி, மாதவரம், செங்குன்றம் என்று ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிக்கும் என் மூக்குக்கும் நடுவே பல நாள் பத்தடி இடைவெளிகூட இருக்காது. தலைக்கு மேல் வெயில், முகத்துக்கு நேரே புகை, காலுக்குக் கீழே கொதிக்கும் தார். நாற்பது வயதில் இரண்டு கன்னத்து மேட்டிலும் மேலுதட்டிலும் தேநீர்க் கறை போல மங்கு விழுந்தது.

அதற்கு வெயிலையும் புகையையும் மட்டும் குற்றம் சொன்னால் பொய்யாகிவிடும். அவற்றைச் சரிசெய்கிறேன் என்று நானே செய்துகொண்ட வைத்தியங்கள் செய்த கெடுதல் அதைவிட அதிகம். ஊருக்கெல்லாம் மருந்தின் பக்க விளைவை ஒப்பிக்கிறவன் தன் முகத்தில் எதை வேண்டுமானாலும் பூசிக்கொண்டேன். எனவே, இங்கே எதைச் செய்யலாம் என்பதோடு எதை நிறுத்த வேண்டும் என்பதும் சரிபாதி இருக்கும்.

முதலில் வெயில். சுட்டால்தான் கெடுதல் என்று நினைக்கிறோம். நாம் உணரும் சூடு வேறு, தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. அந்தக் கதிரில் ‘பி’ வகை மேல் தோலை எரிக்கும். ‘ஏ’ வகை இன்னும் ஆழத்துக்கு இறங்கி நிறத்தைக் கூட்டும், தோலைத் தொய்ய வைக்கும். இரண்டும் மேலே விழுவது உடம்புக்குத் தெரியாது. ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகில் சுற்றியவர்கள் முகம் கறுத்துத் திரும்புவது இதனால்தான். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. கத்திரி வெயிலுக்கு நாம் பயப்படுகிறோம், சரி. ஆனால் சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்பது ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் இன்னொரு முறை. ஆடிக்காற்று அடித்து ஓய்ந்து, இனி வெயில் தணிந்தது என்று நாம் தொப்பியை ஆணியில் மாட்டும் நேரம் அது.

என் மகளின் பள்ளியில் ஒரு வருடம் ‘நிழலில்லா நாள்’ காட்டினார்கள். நட்டுவைத்த குச்சியின் நிழல் குறுகிக் குறுகி அதன் அடியிலேயே ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. என் நிழல் என்னைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் தோலைத் திறந்து வைக்கக் கூடாது. என்னைவிட நெட்டையாக இருந்தால் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். கைப்பேசியை நம்புகிறவர்கள் வானிலைச் செயலியில் யூவி இண்டெக்ஸ் என்ற, புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண்ணைப் பார்க்கலாம். அது 3-ஐத் தொட்டாலே காப்பு தேவை. சென்னையில் கோடை நண்பகலில் 11-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அந்த அட்டவணையில் அதற்கு மேல் படியே கிடையாது.

இதை வைத்து என் சுற்றையே திருப்பிப் போட்டேன். நிழல் இல்லாத எண்ணூர், மணலிப் பக்கத்தைக் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுவேன். பதினொன்றிலிருந்து மூன்று வரை பெரிய மருத்துவமனைகளின் வராந்தாவிலும் மருந்துக் கடைகளிலும் வேலை. மீதி மருத்துவர்கள் மாலையில். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவிடமும், சென்ட்ரிங் வேலை செய்பவரிடமும் போய்ப் பத்து மணிக்கு மேல் வெளியே வராதீர்கள் என்று சொன்னால் அது கேலி. அவர்களுக்கும் எனக்கும் முதல் காப்பு துணிதான். கிரீம் அதற்குப் பிறகு.

துணியைச் சோதிப்பது எளிது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே கையை விடுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே நுழையும். கோடைக்கு நல்லது என்று நான் பல வருடம் போட்ட மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை இந்தச் சோதனையில் தோற்றது. வியர்வையில் நனைந்தால் அது இன்னும் மோசம். இப்போது நெருக்கமான நெசவுள்ள கருநீல முழுக்கைச் சட்டைதான். அடர்நிறம் சூட்டை இழுக்கும் என்பது உண்மை, அதனால் ஒரு சுற்று தொளதொளப்பாகத் தைத்துக்கொள்கிறேன். முழங்கை வரை வரும் கையுறையைப் பெண்கள் மட்டும்தான் போடுவார்கள் என்று சிரித்தவன் நான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நூறு ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கி, முதல் வாரம் தெருமுனை தாண்டிய பிறகுதான் மாட்டிக்கொண்டேன். இப்போது வெட்கம் போய்விட்டது. கடிகாரம் கட்டும் இடத்துக்கும் அதற்கு மேலே உள்ள இடத்துக்கும் இருந்த நிற வித்தியாசமும் பாதி போய்விட்டது.

ஹெல்மெட் முழு முகத்தையும் மூடுவதாக இருக்கட்டும். அதன் முன்கண்ணாடி பாலிகார்பனேட்டாக இருந்தால், நிறமே இல்லாவிட்டாலும் புற ஊதாக் கதிரைப் பெருமளவு நிறுத்திவிடும். கறுப்புக் கண்ணாடி தேவையில்லை. இரவில் அது ஆபத்தும்கூட. சிக்னலில் நின்றதும் கண்ணாடியை மேலே தள்ளிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. லாரிப் புகை முகத்தில் நேராக அடிப்பது அந்த நிமிடத்தில்தான். உள்ளே இருக்கும் பஞ்சுத் திண்டைக் கழற்றி வாரம் ஒரு முறை துவைக்க வேண்டும். நெற்றி ஓரத்தில் வரிசையாக வரும் பருக்களுக்குப் பாதிக் காரணம் அந்தத் திண்டில் ஊறிய எண்ணெயும் வியர்வையும். நான் முதல் முறை துவைத்தபோது வாளித் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. முகத்தில் கட்டும் கைக்குட்டை பற்றி ஒரு வார்த்தை. அது நுண்துகளை மூச்சில் போகாமல் தடுக்காது. வெயிலையும் புழுதியையும் தோலில் படாமல் தடுக்கும், அதுவும் அன்றாடம் துவைத்ததாக இருந்தால். நேற்றைய கைக்குட்டையை இன்று கட்டுவது, நேற்றைய அழுக்கை இன்று பூசிக்கொள்வதுதான்.

இனி சன்ஸ்கிரீன். கடையில் பார்க்க வேண்டியவை மூன்று: எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ (இரண்டு வகைக் கதிரையும் தடுப்பது) என்ற சொல், பி.ஏ. என்பதற்குப் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி. எஸ்.பி.எஃப். பெரும்பாலும் ‘பி’ கதிருக்கான கணக்கு. கூட்டல் குறிகள் ‘ஏ’ கதிருக்கானவை. 30 என்றால் ‘பி’ கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம் அளவு. ஆய்வுக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. பாதி பூசினால் டியூபில் போட்டிருக்கும் காப்பில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

எவ்வளவு என்று கேட்டால், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை நீளமாக இரண்டு கோடு பிழிந்துகொள்ளுங்கள். அதுதான் முகம், காது, கழுத்து எல்லாவற்றுக்கும். முதல் முறை பிழிந்துவிட்டு இவ்வளவா என்று என் மனைவி மலைத்தாள். தோசைக்கு வெண்ணெய் தடவுவது போல இருந்தது. ஒரே தடவையில் பூசினால் திட்டுத்திட்டாக வெள்ளை தெரியும். ஒரு விரல் அளவைப் பூசி, சட்டை மாட்டி, தலை சீவிவிட்டு அடுத்த விரலைப் பூசுகிறேன். கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது முடித்துவிட வேண்டும். காது மடல், பின்கழுத்து, மேலுதடு மூன்றும் எல்லோரும் மறக்கும் இடங்கள். ஐம்பது கிராம் டியூப் ஒரு மாதம் தாண்டி வருகிறது என்றால் நீங்கள் ஒழுங்காகப் பூசவில்லை. எங்கள் வீட்டில் முதல் டியூப் ஏழு மாதம் வந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும் என்பது விதி. என்னால் அது முடியவில்லை. காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முகத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு ஒரு முறை. அவ்வளவுதான். நடுவில் விட்டதைத் துணி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். டியூபை ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் மருந்து பிரிந்து தண்ணீராக ஓடும். அலுவலகப் பைக்குள் வைக்கலாம்.

மங்கு இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் வெயிலால் தோல் புற்றுநோய் வருவது வெள்ளைத் தோலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நமக்கு வெயில் போடும் முதல் வரி கருமைதான். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே அந்தக் கருமையைக் கூட்டும். வெள்ளை நிற சன்ஸ்கிரீன்கள் அதைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசான தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் தடுக்கும். ‘டின்டட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். முகத்தில் சுண்ணாம்பு அடித்தது போலவும் தெரியாது. ஆண்கள் இதைப் பூசலாமா என்று கடையில் ஒருவர் கேட்டார். என் மங்குக்கு ஆண், பெண் தெரியவில்லையே என்றேன்.

அடுத்தது புகை. பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். ஒரு தலைமுடியின் குறுக்களவில் இருபதுக்கு மேல் அடுக்கலாம். டீசல் கரியில் ஒட்டியிருக்கும் வேதிப்பொருள்கள் தோலின் மேல் படிந்து அதைக் கிளறிவிட்டு நிறமியைக் கூட்டுகின்றன. வாகனப் புகைமேல் வெயில் பட்டு உண்டாகும் ஓசோன் வாயு, தோலின் மேல் அடுக்கில் இருக்கும் வைட்டமின் ‘ஈ’யைத் தின்றுவிடும். ஜெர்மனியில் எழுபதிலிருந்து எண்பது வயதுக்குள் இருந்த 400 பெண்களை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வில், வாகனக் கரி அதிகமுள்ள இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் அதிகம் இருந்தன. வெயில் குறைந்த நாட்டிலேயே அப்படி. இங்கே வெயிலும் கரியும் கூட்டணி வைத்துக்கொள்கின்றன.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் உங்கள் பகுதியின் காற்றுத் தரத்தை ஓர் எண்ணாகப் பார்க்கலாம். மணலிக்கே ஒரு நிலையம் இருக்கிறது. 100 வரை கவலை இல்லை, 200-ஐத் தாண்டினால் மோசம் என்று அதன் அட்டவணை சொல்கிறது. போகி விடியலில் அந்த எண் ஏறுவதைப் பாருங்கள். டயர் கொளுத்தும் தெருவில் அன்று காலை நடைப்பயிற்சி வேண்டாம்.

புகைக்கு எதிராகச் செய்யக்கூடியது ஒன்றுதான் முக்கியம்: மாலையில் வீடு திரும்பியதும் முகம் கழுவுவது. படுக்கப் போகும்போது என்று தள்ளிப்போடக் கூடாது. செருப்பைக் கழற்றியதும் அடுத்த வேலை அதுவாக இருக்கட்டும். முதலில் கையைக் கழுவுங்கள். நம் துவைக்கும் சோப்பு மட்டுமல்ல, பல குளிக்கும் சோப்புகளும் காரம் மிகுந்தவை. தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. சோப்பு முகத்தை ‘கரகர’ என்று ஆக்கினால் சுத்தமாகிவிட்டது என்று மகிழ்கிறோம். உண்மையில் தோலின் வேலி அறுந்துவிட்டது, நாளைய புகை இன்னும் சுலபமாக உள்ளே போகும். நுரை குறைந்த ஃபேஸ்வாஷ் போதும். விரல் நுனியால் ஒரு நிமிடம் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் காயும் முன்னே மணம் இல்லாத மாய்சரைசர். எண்ணெய் வழியும் முகத்துக்கும் வேண்டும். தேங்காய் எண்ணெய் பருவே வராதவர்களுக்கு இரவில் கைகாலுக்கு நல்லது. வெயிலுக்கு அது காப்பாகாது.

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். ஒரு நாள் திரும்பி வந்து ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்தபோது பஞ்சு கறுப்பாக வந்தது. பயந்து, குளியலறையில் தொங்கிய பீர்க்கங்காய் நாரால் முகத்தையும் கழுத்தையும் தேய்க்க ஆரம்பித்தேன். தினமும் இரண்டு வேளை. மூன்று மாதத்தில் கழுத்தின் பக்கவாட்டிலும் கன்ன எலும்பிலும் கருமை கூடியது. அழுக்கு இன்னும் போகவில்லை என்று மேலும் தேய்த்தேன். அது அழுக்கு அல்ல. எலும்பின் மேலிருக்கும் தோலைத் தொடர்ந்து தேய்த்தால், அந்த உரசலுக்கே தோல் கறுக்கும். முதுகை நாரால் தேய்ப்பவர்கள் பலருக்குத் தோள்பட்டையில் அலை அலையாக இருக்கும் சாம்பல் நிறம் பெரும்பாலும் இதுதான். நாரைத் தூக்கிப் போட்டேன். இப்போது பாத்திரம் தேய்க்கக்கூட அது வீட்டில் இல்லை.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. எனக்குப் பழக்கமான ஒரு மருந்துக் கடையில் மங்குக்கு ஏதாவது கொடுங்கள் என்றேன். கடைப்பையன் ஒரு சின்ன டியூபை நீட்டினான். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. மருத்துவர்களே ‘என்ன, கல்யாணக் களை’ என்று கிண்டல் செய்தார்கள். மூன்றாம் மாதம் ஒரு வாரம் வெளியூர் போனபோது டியூபை மறந்துவிட்டேன். நான்காம் நாள் முகம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. தாடை முழுக்கப் பொடிப்பொடியாகப் பருக்கள், கன்னத்தில் பூனைமுடி. தோல் மருத்துவர் அந்த டியூபை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தார். ஸ்டீராய்டு.

“பத்து வருடமாக என்னிடம் வந்து மருந்துகளின் பக்க விளைவைச் சொல்கிறீர்கள், சார். இதன் பின்பக்கத்தை ஒரு முறையாவது படித்தீர்களா?” என்றார்.

பீட்டாமெத்தாசோன், மொமெட்டாசோன், குளோபெட்டசால் என்று எது எழுதியிருந்தாலும் அது ஸ்டீராய்டு. கரப்பான், சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கு அவற்றுக்கு நியாயமான இடம் உண்டு, மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும். 2018-ல் பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ‘எச்’ பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. கடையில் இன்றும் கேட்டால் கிடைக்கிறது என்பது வேறு கதை. நிறத்தை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுயினோன் கலந்த கிரீம்களும் அப்படியே: மருத்துவர் கண்காணிப்பில் சில மாதம் மருந்து, தானாக வருடக்கணக்கில் பூசினால் நீலம் பாய்ந்த கருமை. ஏற்கெனவே இப்படி ஒன்றை மாதக்கணக்கில் பூசிவருகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்து என்னைப் போல எரிச்சலில் துடிக்க வேண்டாம். டியூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று சொல்வார். என் முகம் அடங்க எட்டு மாதம் ஆனது.

சமையலறை வைத்தியத்தில் பயத்தமாவும் தயிரும் பெரிதாகக் கெடுதல் செய்யாது, பெரிதாக மாற்றமும் செய்யாது. எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வரும். பந்தலில் எலுமிச்சை பிழிந்து மோர் கலக்கியவர்களின் கையைப் பார்த்திருந்தால் தெரியும். வைட்டமின் ‘சி’ சீரம் வாங்குகிறவர்கள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கட்டும். பழுப்பாக மாறிவிட்டால் தீர்ந்தது. நியாசினமைடு (வைட்டமின் ‘பி3’யின் ஒரு வடிவம்) சீரம் நம் சூட்டையும் தாங்கும், விலையும் குறைவு. இரண்டில் ஒன்று என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

காருக்குள் இருக்கிறோம், நமக்கு என்ன என்பவர்களுக்கு: சாதாரணக் கண்ணாடி ‘பி’ கதிரை நிறுத்தும், ‘ஏ’ கதிரை விட்டுவிடும். முன்கண்ணாடி, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த அடுக்குக் கண்ணாடி என்பதால் பரவாயில்லை. கெடுதல் பக்கக் கண்ணாடி வழியாக. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை 2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்டது. வலது பாதி அவர் வயதுக்கு உரிய முகம். ஜன்னல் பக்கமிருந்த இடது பாதி அவருடைய அப்பாவின் முகம் போல மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நம் ஊரில் ஓட்டுநருக்கு ஜன்னல் வலதுபுறம். அடுத்த முறை பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தால், பல வருடம் ஓட்டியவரின் வலது கன்னத்தையும் வலது முன்கையையும் பாருங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும் போதும். மாதக்கணக்கில் ஆறாத புண், திடீரென்று வளரும் அல்லது இரத்தம் கசியும் மச்சம், இவற்றுக்கு நான் எழுதிய எதுவும் பொருந்தாது. நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக ஒரு பழக்கம். கண்ணாடியில் தினமும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மனம்தான் சோர்ந்துபோகும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், அதே ஜன்னல் ஓரத்தில், அதே பக்கமாக முகத்தைத் திருப்பிக் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கிறேன். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை மங்கு மாதத்துக்கு ஒரு நூலளவு மெலிந்துகொண்டே வந்தது. ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்குப் போனோம். தொப்பியும் இல்லை, கிரீமும் இல்லை, வைகை மணலில் மூன்று நாள். மே முதல் தேதி எடுத்த படத்தை மனைவியிடம் காட்டினேன். அதை விரலால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனவள், அக்டோபர் படத்தில் நிறுத்தினாள்.